சூயிங்கம் ரேக்கில் ஒரு பன்னீர் பாக்கெட்

சென்னையில் எந்தப் பேட்டை சூப்பர்மார்க்கெட்டாக இருந்தாலும் சரி, மாதத்தின் முதல் ஞாயிறு இரவு எட்டரை மணிக்கு பில் வரிசையில் நின்றபடி பக்கத்து ரேக்கைப் பாருங்கள். சூயிங்கமும் பத்து ரூபாய் சாக்லேட்டும் மட்டும் இருக்க வேண்டிய தட்டில் ஒரு பன்னீர் பாக்கெட் சாய்ந்து உட்கார்ந்திருக்கும். அதற்குக் கீழே கால் கிலோ முந்திரி. இரண்டு வரிசை தள்ளி, துணி சோப்புக்குப் பின்னால், வியர்த்து ஒழுகும் ஐஸ்கிரீம் டப்பா ஒன்று. இவற்றை யாரும் திருடவில்லை. யாரும் வாங்கவும் இல்லை. எடுத்தார்கள், கூடையில் போட்டுக்கொண்டு கடை முழுக்கச் சுற்றினார்கள், மனசுக்குள் கணக்குப் போட்டார்கள், கைக்கு எட்டிய இடத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

விற்ற பொருளுக்கு பில் இருக்கிறது. திருடு போனதற்கு, ஸ்டாக் எடுக்கும்போது வெளிப்படும் ஷார்ட்டேஜ் கணக்கு இருக்கிறது. உடைந்ததற்கு டேமேஜ் நோட்டு, தேதி முடிந்ததற்கு எக்ஸ்பைரி நோட்டு. பணம் கொடுக்காமல் பாதி வழியில் கைவிடப்பட்ட இந்தப் பொருளுக்கு மட்டும் எந்த நோட்டும் கிடையாது. திரிசங்கு மாதிரி நடுவிலே தொங்குகிறது. "கேன்சல் ஐட்டம்" என்று கவுண்டரில் சொல்வார்கள். சிலர் "ரிட்டர்ன்" என்பார்கள். அந்த இரண்டாவது சொல்லால் குழப்பம்தான் கூடுகிறது. ஏனென்றால் வாங்கி, வீட்டுக்குப் போய், திரும்பக் கொண்டுவந்து கொடுக்கும் பொருளுக்கும் அதே பெயர். ஒன்று விற்கப்பட்ட பொருள், இன்னொன்று விற்கப்படவே இல்லை. கணக்கில் இரண்டும் ஒன்றாகவே ஆக முடியாது.

இதை மெஷினிடம் ஒப்படைப்பது பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், பொருளை ரேக்குக்கு எடுத்துப்போய்த் திரும்ப வைக்கும் ரோபோ பற்றியே பேசுகிறார்கள். எடுத்துப்போய் வைப்பதற்கு ஒரு பையனும் ஒரு ட்ராலியும் போதும். மெஷின் உண்மையில் தேவைப்படும் இடம் அதற்கு வெகு முன்னால், வாடிக்கையாளர் வாய் திறந்து "இது வேணாம்" என்று சொல்ல வேண்டிய நொடியில் இருக்கிறது. இந்த எண்ணம் ஒரு இடத்தில் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருப்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

அண்ணாச்சி கடைக்கு இந்தத் தலைவலி இல்லை

அண்ணாச்சி கடையில் லிஸ்ட்டைக் கொடுத்தால் பையன் எடுத்து வைப்பான். கூட்டிச் சொன்ன பிறகு "அந்த ஏலக்காய் வேணாம் அண்ணாச்சி, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்றால், ஏலக்காய் பொட்டலம் இரண்டடி பின்னால் இருக்கும் டப்பாவுக்கே போய்விடும். பொருள் கடைக்காரர் கையை விட்டு வெளியே வரவே இல்லை. 1916-ல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் பிக்லி விக்லி என்ற கடை, வாடிக்கையாளரே உள்ளே போய் எடுத்துக்கொள்ளலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. 1937-ல் ஓக்லஹோமா சிட்டியில் சில்வன் கோல்ட்மேன் சக்கரம் வைத்த கூடையைக் கொண்டுவந்தார். கையில் தூக்கும் கூடைக்கு, கை வலித்தால் போதும் என்ற ஒரு வரம்பு இருந்தது. ட்ராலிக்கு அதுவும் இல்லை. சென்னையில் 1996-ல் ஃபுட்வேர்ல்டு கடைகள் வரத் தொடங்கியபின் நடுத்தரக் குடும்பங்களுக்கு இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. எடுப்பதற்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. வைப்பதற்கும் யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை என்றுதானே மனசு அடுத்து நினைக்கும்?

தி.நகர் ஜவுளிக் கடைகள் இதை எந்த மெஷினும் இல்லாமல் எப்போதோ தீர்த்துவிட்டன என்பதை யாரும் கவனிப்பதில்லை. சேலை பிடித்துவிட்டால் செக்ஷனிலேயே ஒரு சீட்டு போடுவார்கள். சீட்டு உங்கள் கையில், சேலை கூடையில் ஏறி டெலிவரி கவுண்டருக்கு. நீங்கள் கேஷ் கவுண்டரில் பணம் கட்டி, முத்திரை குத்திய சீட்டைக் காட்டினால்தான் பை கைக்கு வரும். பணம் கட்டாத பொருள் வாடிக்கையாளர் கையில் ஒரு நிமிடம்கூட இருப்பதில்லை. வரிசையின் நீளத்தைப் பார்த்து "இன்னொரு நாள் வரலாம்" என்று படியிறங்கிப் போனவரின் சேலை, துணி சோப்புக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ள வழியே இல்லை. இரவு கடை சாத்தும்போது, முத்திரை வராத சீட்டுகளை எண்ணினால் எது திரும்பப் போக வேண்டியது என்று தெரிந்துவிடும். பொருளும் ஆளும் வேறு வேறு பாதையில் போவதுதான் இதன் சூட்சுமம். மளிகையில் இதைச் செய்ய முடியாது. நாற்பது பொருளுக்கு நாற்பது சீட்டு யார் போடுவது? ஆனால் எல்லாவற்றையும் மறுபடி நினைத்துப் பார்க்கும் ஒரு இடத்தில், அதாவது பில் கவுண்டரில், பொருளையும் ஆளையும் பிரிக்க முடியும். அதைப் பிறகு பார்ப்போம்.

கம்ப்யூட்டருக்குத் தெரியாத இடம்

கவுண்டரில் ஒரு பொருள் கைவிடப்படுவதற்கு மூன்று கட்டங்கள் உண்டு. ஸ்கேன் ஆகிவிட்டது, பணம் கட்டவில்லை என்றால் அந்த ஒரு வரியை மட்டும் நீக்குவது: வாய்ட். பணம் எடுத்து வரவோ மறந்த பொருளை எடுத்து வரவோ போனால் முழு பில்லையும் நிறுத்தி வைப்பது: ஹோல்ட். பணம் கட்டி பில் அச்சாகிவிட்ட பிறகு வேண்டாம் என்றால், அது ஜிஎஸ்டி பில், சும்மா அழிக்க முடியாது. ஜிஎஸ்டி சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி கிரெடிட் நோட், அதாவது விற்றதைத் திரும்பப் பெற்றதற்கான வரவுச் சீட்டு, போட வேண்டும். மூன்றாவதற்குச் சட்டமே காவல் இருப்பதால் அதில் பொருள் தொலைவது குறைவு. முதல் இரண்டில்தான் எல்லாமே கரைகிறது.

காரணம் எளிது. பெரும்பாலான பில்லிங் மென்பொருளில், பில் முடிந்தால்தான் ஸ்டாக் குறையும். வாய்ட் செய்தால் ஸ்டாக்கில் ஒரு மாற்றமும் இல்லை. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அந்தப் பன்னீர் ஃப்ரிட்ஜை விட்டு நகரவே இல்லை. கணக்கில் நாலு பாக்கெட். ஃப்ரிட்ஜில் ஒன்றுகூட இல்லை. இரண்டு கேஷியர் காலடிக் கூடையில், ஒன்று சூயிங்கம் ரேக்கில், ஒன்று எங்கேயோ. மூன்றுக்குக் கீழே போனால் ஆர்டர் போடு என்று சொல்லி வைத்திருந்தால், நாலு இருக்கிறதே என்று மென்பொருள் ஆர்டர் போடாது. மறுநாள் காலை பன்னீர் தேடி வருபவர் வெறுங்கையோடு போவார். கைவிட்ட பாக்கெட்டின் விலையைவிட, அது காலியாக விட்டுவந்த இடத்தால் போகும் வியாபாரம் பெரிது. அரிசி, பருப்புக்கு இது பெரிய விஷயமில்லை. தட்டு நிறைய அடுக்கியிருக்கும். குறைவாக வைத்து வேகமாக விற்கும் குளிர்ப் பொருள்தான் அடி வாங்கும்.

வாய்ட் போடும்போது காரணம் கேட்கும் ஒரு சிறு பெட்டி திரையில் வரும்: 1 வாடிக்கையாளர் வேண்டாம் என்றார், 2 தவறான ஸ்கேன், 3 விலை வேறுபாடு, இப்படி. ஒரு மாதத்து வாய்ட் பட்டியலை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் எல்லாமே 1 என்றிருக்கும். வரிசையில் பத்துப் பேர் நிற்கும்போது எந்தக் கேஷியரும் யோசித்து நம்பர் அழுத்த மாட்டார். சூப்பர்வைசர் கார்டு தேய்த்தால்தான் வாய்ட் விழும் என்று ஒரு பூட்டும் உண்டு. அவசர நேரத்தில் அந்தக் கார்டு கவுண்டரின் டிராயரிலேயே குடியிருக்கும். பூட்டு எதற்கு என்றால், பில்லில் நீக்கிவிட்டுப் பொருளைத் தெரிந்தவர் பையில் போட்டு அனுப்பும் பழைய தில்லுமுல்லுக்காக. வாய்ட் எண்ணிக்கையையும் காலடிக் கூடையில் கிடக்கும் பொருள்களையும் ஒவ்வொரு ஷிஃப்ட் முடியும்போதும் ஒப்பிட்டால் இது இரண்டே நாளில் பிடிபடும். ஒப்பிடுகிற கடைகள் மிகக் குறைவு.

யுபிஐ வந்தபின் நாலாவதாக ஒரு வகை சேர்ந்திருக்கிறது. "எனக்குப் பணம் போயிடுச்சு, உங்களுக்கு வரலையா?" திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். வாடிக்கையாளர் கோபத்தோடு ட்ராலியை விட்டுவிட்டுப் போவார். அந்த ட்ராலி விற்றதா, விற்காததா? முடிவு தெரியும்வரை பிரிக்கக் கூடாது என்பது சரி. ஆனால் அதற்குள் பால், தயிர், ஐஸ்கிரீமை மட்டுமாவது தனியாக எடுத்துக் குளிரில் வைக்க வேண்டும். பெரும்பாலும் ட்ராலி மூலையில் அப்படியே நிற்கும், மாவு பாக்கெட் உப்பும்வரை.

பன்னீரின் கடிகாரம்

குளிர்ப் பொருள் 5 டிகிரிக்குள், உறைந்த பொருள் மைனஸ் 18-க்குள் இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. ஏசி ஹால் 25 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 4 டிகிரியில் எடுத்த 200 கிராம் பன்னீர், கூடையில் கிடந்தால் சுமார் கால் மணி நேரத்தில் 10 டிகிரியைத் தொட்டுவிடும். அரை லிட்டர் பால் பாக்கெட் அதே அளவு சூடேற ஏறக்குறைய அரை மணி ஆகும். எடை கூடக் கூட மெதுவாக ஏறும். இதெல்லாம் தோராயக் கணக்குதான். ஆனால் கடைக்குள் நுழைந்ததும் முதலில் பால் பகுதிக்குப் போய், அப்புறம் மளிகை, அப்புறம் பிளாஸ்டிக் டப்பா எல்லாம் பார்த்து, முக்கால் மணி கழித்துக் கவுண்டருக்கு வருபவரின் பன்னீர் என்ன நிலையில் இருக்கும் என்று தெரிந்துகொள்ள இதுவே போதும்.

அதனால் கவுண்டரில் வேண்டாம் என்று வைக்கப்படும் குளிர்ப் பொருளை 5 டிகிரி விதியால் கடுமையாக அளந்தால், பாதிக்கு மேல் தேறாது. தெர்மாமீட்டர் வைத்து யாரும் ஏன் அளப்பதில்லை என்பதற்கும் இதுதான் காரணம். அளந்தால் எறிய வேண்டும். நடைமுறைக்கு ஒத்துவருவது ஆஸ்திரேலியாவில் கடைப்பிடிக்கும் 2 மணி, 4 மணி வழக்கம்: 5 டிகிரிக்கு மேல் மொத்தமாக 2 மணி நேரத்துக்குள் இருந்திருந்தால் திரும்ப ஃப்ரிட்ஜில் வைக்கலாம், 2-க்கும் 4-க்கும் நடுவில் என்றால் உடனே பயன்படுத்த வேண்டும், ஃப்ரிட்ஜுக்குத் திரும்பக் கூடாது, 4 தாண்டினால் குப்பை. இதில் 'மொத்தமாக' என்ற சொல்தான் முக்கியம். அதே பாக்கெட் காலையில் ஒருவர் கூடையில் முக்கால் மணி, மாலையில் இன்னொருவர் கூடையில் ஒரு மணி சுற்றியிருக்கலாம். பாக்கெட் அதை வாய் திறந்து சொல்லாது.

சொல்ல வைக்க ஒரு மலிவான வழி உண்டு: வட்டமான சிறு கலர் ஸ்டிக்கர். முதல் தடவை கைவிடப்பட்டு, அரை மணிக்குள் ஃப்ரிட்ஜுக்குத் திரும்பும் பாக்கெட்டில், எம்ஆர்பியையும் தேதியையும் மறைக்காத மூலையில் ஒரு ஸ்டிக்கர். ஸ்டிக்கரோடு இரண்டாவது தடவை கவுண்டருக்கு வந்தால் நேராக டேமேஜ் பெட்டி. ஒரு ரோல் ஸ்டிக்கர் ஒரு மாதத்துக்கு வரும். இதைச் செய்யாத கடை, ஆயிரக்கணக்கில் செலவழித்து மெஷின் வாங்கினாலும் பலன் இருக்காது என்பது என் கணிப்பு.

ஐஸ்கிரீமுக்கு இந்தச் சலுகைகூடக் கிடையாது. இளகி மறுபடி உறைந்தால் உள்ளே இருந்த நுண்ணிய பனித்துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகிவிடும், நாக்கில் நறநறக்கும். அடித்து ஏற்றிய காற்று வெளியேறி, டப்பாவில் அளவும் இறங்கும். மூடியைத் திறந்ததும் ஓரத்தில் இடைவெளி தெரிந்தால் அது ஒரு சுற்று வெளியே போய் வந்தது என்று கொள்ளலாம். இட்லி மாவு வேறு ரகம்: அது உயிரோடு இருக்கும் பொருள், குளிர் போனதும் வேலையை ஆரம்பித்துவிடும். கட்டைவிரலால் அழுத்தினால் பந்து மாதிரி எதிர்த்துத் தள்ளும் பாக்கெட்டைத் திரும்ப ஃப்ரிட்ஜில் வைத்தாலும் உப்பல் இறங்காது, புளிப்பு பின்னால் போகாது. கீரை, கொத்தமல்லியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

"இத மட்டும் எடுத்துடுமா"

இப்போது அந்த நொடிக்கு வருவோம். திரையில் மொத்தம் வந்துவிட்டது: 2,340 ரூபாய். மனசில் இருந்த கணக்கு இரண்டாயிரம். பின்னால் ஆறு பேர். குழந்தை கையில் சாக்லேட். அம்மா கேஷியரைப் பார்த்துக் கண்ணால் ஒரு சைகை காட்டுவார். கேஷியர் பெண் சாக்லேட்டை வாங்கி ஸ்கேன் செய்வதுபோல் பாவனை செய்து, குழந்தை வேறு பக்கம் திரும்பும்போது கீழே வைத்துவிடுவார். அதோடு பாதாம் பாக்கெட்டையும் தள்ளி, "இத மட்டும் எடுத்துடுமா" என்று தாழ்ந்த குரலில் ஒரு வார்த்தை. "சரிக்கா." சென்னையின் எல்லாக் கவுண்டர்களிலும் ஒரு நாளில் பலமுறை நடக்கும் இந்தச் சின்ன நாடகத்தில் யாருக்கும் அவமானம் இல்லை. ஏனென்றால் இரண்டு பேருக்கும் இடையில் மட்டும் நடக்கிறது.

சூப்பர்வைசர் கார்டு வேண்டும் என்றவுடன் காட்சி மாறுகிறது. "அண்ணா! வாய்ட் போடணும்!" என்று கேஷியர் கூப்பிட, அண்ணா இரண்டு கவுண்டர் தள்ளி இருந்து வர, வரிசை மொத்தமும் அந்தப் பாதாமைப் பார்க்கும். இந்த அனுபவம் ஒரு தடவை ஏற்பட்டவர் அடுத்த மாதம் என்ன செய்வார்? கவுண்டருக்கு வருவதற்கு முன்பே செல்ஃபோனில் கூட்டிப் பார்த்து, அதிகமாகத் தோன்றுவதை அருகிலிருக்கும் ரேக்கில் செருகிவிடுவார். துணி சோப்புக்குப் பின்னால் இருக்கும் ஐஸ்கிரீமின் பிறப்பு ரகசியம் இதுதான். சோம்பேறித்தனம் என்று கடைக்காரர்கள் திட்டுவார்கள். கொஞ்சம் சோம்பலும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கேஷியரிடம் கொடுக்கப்பட்ட பொருளை ஐந்து நிமிடத்தில் மீட்கலாம். ஒளித்து வைத்ததை மறுநாள் வாடையை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். திருப்பிக் கொடுப்பதைக் கடினமாக்கும் ஒவ்வொரு பூட்டும் பொருளை ரேக்குக்குப் பின்னால் தள்ளுகிறது.

வாடிக்கையாளர் தானே பில் போட்டுக்கொள்ளும் மெஷின்கள் இதை இன்னும் மோசமாக்கின. ஸ்கேன் செய்த பொருளை நீக்க வேண்டும் என்று அழுத்தினால் கம்பத்தின் மேல் விளக்கு சிவப்பாகும், உதவியாளர் வரும்வரை எல்லாம் நின்றுவிடும். சேர்ப்பதற்கு அனுமதி வேண்டாம், எடுப்பதற்கு வேண்டும். மெஷினின் பக்கத்து நியாயம் புரிகிறது: நீக்கிவிட்டுப் பையில் போட்டுக்கொள்ளக் கூடாதே. ஆனால் அந்த நியாயத்துக்கு வேறு தீர்வு உண்டு. ஜவுளிக் கடையின் டெலிவரி கவுண்டரைத் தலைகீழாக்கி இங்கே வைத்தால் போதும். வேண்டாத பொருள் வாடிக்கையாளர் கையை விட்டுப் போய்விட்டது என்று மெஷினுக்கே தெரிந்துவிட்டால், அனுமதி எதற்கு?

அதற்கு ஒரு தொட்டி வேண்டும். கவுண்டரை ஒட்டி, 45 சென்டிமீட்டர் அகலம், இடுப்பு உயரம், மேலே ஒரு மூடி. மூடியின் வாயில் ஒரு ஸ்கேனர், அடியில் 30 கிலோ தாங்கும், 5 கிராம் நுணுக்கம் உள்ள எடைத்தட்டு. வாடிக்கையாளர் பாதாமை வாயில் காட்டுகிறார், மூடி திறக்கிறது, உள்ளே விழுகிறது, எடைத்தட்டில் ஏறிய எடை பாதாம் பாக்கெட்டின் எடையோடு ஒத்துப்போனால் பில்லில் அந்த வரி சத்தமில்லாமல் மறைகிறது. விளக்கு இல்லை, அண்ணா இல்லை. கூடவே ஒரு பதிவு விழுகிறது: என்ன பொருள், எந்த எம்ஆர்பி, எத்தனை மணிக்கு. குளிர்ப் பொருளானால் அந்தப் பகுதி ஊழியரின் கையடக்கக் கருவிக்கு உடனே செய்தி போகிறது. மற்றவை எட்டு சேரும்வரையோ அரை மணி ஆகும்வரையோ காத்திருக்கும். கம்ப்யூட்டரின் ஸ்டாக்கில் 'ரேக்கில் 2, தொட்டியில் 2' என்று இரண்டாகப் பிரிந்து தெரிகிறது. அதுவரை எந்த நோட்டிலும் இடமில்லாத பொருளுக்கு முதல்முறையாக ஒரு வரி.

தொட்டி எங்கே சொதப்பும்

எடையை மட்டும் நம்பினால் முதல் நாளே ஏமாறலாம்: ஒரு கிலோ பாதாமை நீக்கச் சொல்லிவிட்டு ஒரு கிலோ உப்பைப் போட்டால் தராசுக்கு இரண்டும் ஒன்றுதான். அதனால்தான் வாயிலேயே பார்கோடும் படிக்க வேண்டும், எடையும் ஒத்துப்போக வேண்டும். எவ்வளவு ஒத்துப்போக வேண்டும் என்பதில் இன்னொரு சிக்கல். பொட்டலப் பொருள் விதிகளின்படி 500 கிராம் பாக்கெட்டில் 15 கிராம்வரை ஏறக்குறைய இருக்கலாம். 1 கிலோவுக்கும் அதே 15 கிராம். அது உள்ளே இருக்கும் பொருளுக்கு மட்டும். உறையின் எடை தனி, பாட்டில் என்றால் கேட்கவே வேண்டாம். அரை லிட்டர் பால் பாக்கெட் 500 கிராம் அல்ல, பால் தண்ணீரைவிடக் கனம் என்பதால் 515 பக்கம் வரும். எனவே அட்டையில் அச்சிட்ட எடையை வைத்து ஒப்பிடக் கூடாது. ஒவ்வொரு பொருளையும் பத்துப் பாக்கெட்டாவது நிறுத்துப் பார்த்து நடு எடையைப் பதிந்து, 20 கிராம் இப்படி அப்படி விட வேண்டும். 5 கிராமில் நிறுத்தினால் நாள் முழுக்கப் பொய் அலாரம் அடிக்கும், மூன்றாம் நாள் யாரோ மின்சார வயரைப் பிடுங்கிவிடுவார்கள். ஷாம்பு சாஷே, குங்குமப் பொட்டலம் மாதிரி எடைத்தட்டுக்குத் தெரியாத சில்லறையை நம்பி விட்டுவிடலாம். இரண்டு ரூபாய்க்குக் காவல் போட்டால் காவலுக்குத்தான் செலவு.

நிறுத்து விற்கும் காய்கறி வேறு வம்பு. தக்காளிப் பையில் ஒட்டிய லேபிளின் பார்கோடு கடையே அச்சிட்டது. பொதுவாக 2-ல் தொடங்கும், நடுவில் எடையோ விலையோ புதைந்திருக்கும். ஒவ்வொரு பைக்கும் வேறு எண். எடை லேபிளிலேயே இருப்பதால் தொட்டிக்கு இது சுலபம். சிக்கல் திரும்ப வைக்கும்போது. பையைக் கிழித்துத் தக்காளியைக் குவியலில் கொட்டுவது வழக்கம், அதற்கு முன் மேலே கனமான பொருள் விழுந்து நசுங்காமல் இருக்க வேண்டும். தொட்டிக்குள் மூன்றடி ஆழம் வைத்தால் நசுங்கும். ஸ்பிரிங் வைத்து எடைக்கேற்ப இறங்கும் தளம் வைக்க வேண்டும், சலவைக் கூடங்களில் துணி போடும் வண்டிகளில் இருப்பதுபோல.

யாரும் யோசிக்காத ஓட்டை, திருட்டுத் தடுப்பு டேக். விலை உயர்ந்த பொருளின் உள்ளே ஒட்டிய 8.2 மெகாஹெர்ட்ஸ் வகை ஸ்டிக்கரை, ஸ்கேன் செய்யும்போதே கவுண்டர் பலகை செயலிழக்கச் செய்துவிடும். அது நிரந்தரம், திரும்ப உயிர் வராது. 58 கிலோஹெர்ட்ஸ் காந்த வகை என்றால் மறுபடி காந்தம் ஏற்றி எழுப்பலாம். பில்லில் ஸ்கேன் ஆகி, வேண்டாம் என்று தொட்டிக்குப் போய், அங்கிருந்து ரேக்குக்குத் திரும்பும் முகப்பூச்சு கிரீம், காவல் இல்லாமல் உட்கார்ந்திருக்கும். அடுத்தவர் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டினால் கதவின் அலாரம் வாய் திறக்காது. ஸ்கேன் ஆனவுடன் இல்லாமல், பணம் கட்டியபின் டேக்கை அணைக்கும் வகையில் வரிசையை மாற்றி வைக்க வேண்டும். முடியாவிட்டால் தொட்டியில் இருந்து எடுப்பவர் புது ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும்.

எம்ஆர்பி இன்னொன்று. ஒரே பார்கோடு, இரண்டு விலை என்பது நம் ஊரில் சகஜம். 2025 செப்டம்பர் 22-ல் ஜிஎஸ்டி விகிதங்கள் மாறியபின் பழைய விலைப் பாக்கெட்டும் புது விலைப் பாக்கெட்டும் ஒரே தட்டில் கலந்து நின்றதை எல்லாரும் பார்த்திருப்பார்கள். தொட்டியின் ஸ்கேனருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். பில்லில் எந்த விலை வரி இருந்ததோ அதை எடுத்துக்கொள்ளும்படி செய்யாவிட்டால், மாதக் கடைசியில் ஒரு விலையில் ஸ்டாக் கூடுதலாகவும் இன்னொன்றில் குறைவாகவும் காட்டும்.

குளிர்ப் பெட்டியையும் தொட்டிக்குள்ளேயே வைத்துவிடலாமே என்று ஒரு யோசனை எப்போதும் வரும். கம்ப்ரஸர் இல்லாமல் மின்சாரத்தாலேயே சத்தமின்றிக் குளிர்விக்கும் பெல்டியர் குளிர்ப்பான் சுற்றுப்புறத்தைவிட 20 டிகிரி குறைப்பதற்கே திணறும். மூடி நிமிடத்துக்கு ஒரு தடவை திறந்தால் அதுவும் போச்சு. கம்ப்ரஸர் வைத்தால் கவுண்டர் சூடாகும், கேஷியர் காலுக்குப் பக்கத்தில் அது உறுமிக்கொண்டிருக்கும். குளிர்ப் பொருளுக்கு ஆளை உடனே வரவழைப்பதுதான் மலிவு.

பத்து மணி ட்ராலி

இதையெல்லாம் தாண்டி, கடைசியில் ஒருவர் நடந்துபோய் வைக்கத்தான் வேண்டும். அலமாரிகளைப் படம் பிடித்து எது எங்கே தப்பாக இருக்கிறது என்று சொல்லும் ரோபோக்களை வால்மார்ட் சில ஆண்டுகள் ஓட்டிப் பார்த்து 2020-ல் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. கேமராவும் எடைத்தட்டும் கூரை முதல் ரேக் வரை நிறைத்து 2018-ல் சியாட்டிலில் திறந்த அமேசான் கோ கடைக்கே, எடுத்த பொருளை வேறு தட்டில் வைத்துவிடும் வாடிக்கையாளர் ஆரம்பம் முதலே தலைவலியாக இருந்தார்.

சென்னைக் கடைகளில் இந்த வேலை இரவு பத்து மணிக்கு நடக்கும். பகல் முழுக்க நின்றவர்கள்தான் இதையும் செய்கிறார்கள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை வேண்டும் என்று தமிழ்நாடு 2021-ல் சட்டம் திருத்தியது. ட்ராலி தள்ளும்போது உட்கார முடியாது. எல்லாக் கவுண்டர் கூடைகளையும் ஒரு ட்ராலியில் கொட்டிவிட்டுப் பொருளைப் பார்த்துப் பார்த்து வைத்தால் ஒரே வரிசைக்கு ஐந்து தடவை வர வேண்டியிருக்கும். ட்ராலியை முதலில் வரிசை வாரியாகப் பிரித்துவிட்டு, குளிர்ப் பகுதியில் தொடங்கி வாசலில் முடிவதுபோல் ஒரே சுற்றில் போனால் வேலை பாதியாகும். தொட்டியின் பதிவு இருந்தால் அந்த வரிசைப் பட்டியலை மெஷினே அச்சிட்டுக் கொடுக்கும். இங்கே அது நிஜமாகவே உதவும்.

வைக்கும்போது ஒரு நுணுக்கம். திரும்ப வரும் பாக்கெட்டை முன்வரிசையில் சொருகுவது எல்லாருக்கும் பழக்கம், சுலபம் என்பதால். ஆனால் பாலும் பிரெட்டும் எடுப்பவர்கள் கையை உள்ளே விட்டுப் பின்னாலிருந்து புதுத் தேதியைத்தான் எடுப்பார்கள். எனவே கைவிடப்பட்ட பாக்கெட் பெரும்பாலும் அந்தத் தட்டிலேயே புதியது. அதை முன்னால் வைத்தால் அது முதலில் விற்று, பழையது பின்னால் தங்கி, எக்ஸ்பைரி நோட்டில் போய் விழும். காரணம் கேட்டால் "ஆர்டர் அதிகம் போட்டுட்டாங்க" என்பார்கள்.

தொட்டிக்கு இவ்வளவு சொன்னபிறகும் அது எந்தக் கடையிலும் சீக்கிரம் வரும் என்று தோன்றவில்லை. மெஷினின் விலையோ மென்பொருளோ காரணம் அல்ல. கவுண்டரை ஒட்டிய அந்த 45 சென்டிமீட்டர்தான் கடையிலேயே காசு கொழிக்கும் இடம். வரிசையில் காத்திருப்பவரின் கை தானாகப் போகும் இடம் என்பதால் சாக்லேட், சூயிங்கம் நிறுவனங்கள் மாதாமாதம் வாடகை கொடுத்துப் பிடித்து வைத்திருக்கின்றன. அதைக் காலி செய்து வேண்டாத பொருளுக்குத் தொட்டி வை என்று எந்த மேனேஜரிடம் சொல்வது? அதுவரை பன்னீர் அந்தத் தட்டிலேயே, வாடகை கொடுக்காமல், சூயிங்கத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்.